டெத் வேலியின் உட்பகுதியில் தனியாக நடக்க: முதன்முறை போகிறவர்களுக்கு

கலிபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவுக்குள் தனியாக நடந்து இரண்டு இரவுகள் தங்கிவிட்டு வர வேண்டும் என்ற ஆசை எனக்கு மூன்றாவது முயற்சியில்தான் நிறைவேறியது. முதல் முறை அனுமதிச் சீட்டு தரும் முகப்பு மூடிய பிறகு போய்ச் சேர்ந்தேன். போதாததற்கு, நான் வாடகைக்கு எடுத்திருந்த சிறிய கார் மண்சாலையின் முதல் மைலைக்கூடத் தாண்டவில்லை. இரண்டாவது முறை தண்ணீர்க் கணக்குத் தப்பியதால் முதல் நாள் நண்பகலிலேயே திரும்பிவிட்டேன். பூங்காவில் தகவல்களுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அவை பத்து இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. செய்ய வேண்டிய வரிசையில் அவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டு, வார இறுதியில் மலை ஏறிப் பழகி, பாலைவனத்துக்கு மட்டும் புதியவராக இருப்பவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

1. முதலில் மாதத்தைத் தீர்மானியுங்கள்

நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் நடுப்பகுதி வரைதான் தாழ்நிலத்தில் நடக்கலாம். பூங்காவின் பார்வையாளர் மையம் இருக்கும் ஃபர்னஸ் கிரீக்கில் டிசம்பர், ஜனவரியின் சராசரிப் பகல் வெப்பம் ஏறக்குறைய 18 அல்லது 19 டிகிரி செல்சியஸ். ஏப்ரலில் அது 33ஐத் தொடுகிறது, ஜூலையில் 47. “நாங்கள் வேலூர் வெயிலையே பார்த்தவர்கள்” என்று ஒரு நண்பர் என்னிடம் சொன்னார். வேலூரில் வியர்வை தோலின் மேல் நிற்கும், நீங்கள் அதைத் துடைப்பீர்கள். இங்கே காற்று அவ்வளவு வறண்டிருப்பதால் வியர்த்ததே தெரியாமல் உலர்ந்துவிடும். சட்டையில் உப்புக்கோடு படிந்த பிறகுதான் எவ்வளவு நீர் போயிற்று என்று புரியும். 2024 ஜூலையில் 128 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 53 டிகிரி செல்சியஸ் வெயிலில், மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் பேட்வாட்டர் அருகே இறந்தார். அவ்வளவு சூட்டில் காற்றின் அடர்த்தி குறைந்துவிடுவதால் மீட்பு ஹெலிகாப்டரால் அன்று வர முடியவில்லை. கோடையில் போனால் உதவிக்கு அழைக்கும் வசதியும் போய்விடுகிறது என்பதையே இதில் கவனிக்க வேண்டும்.

குளிர்காலத்திலும் இரண்டு சிக்கல்கள் உண்டு. பூங்காவின் மிகத் தாழ்ந்த இடமான பேட்வாட்டர் கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழேயும், மிக உயர்ந்த டெலஸ்கோப் சிகரம் 3,368 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. ஆயிரம் அடி ஏறினால் வெப்பம் 3 முதல் 5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை குறையும் என்பதால், ஃபர்னஸ் கிரீக்கின் வானிலையை மட்டும் பார்த்துப் போர்வை எடுத்துப் போகிறவர் 4,000 அடி உயரத்தில் இரவு முழுவதும் நடுங்குவார். இரண்டாவது சிக்கல் வெளிச்சம். டிசம்பரில் நாலரை மணியளவில் சூரியன் மறைந்துவிடும். உயர்ந்த பாறைச் சுவர்களுக்கு நடுவே அதற்கும் வெகுமுன்பே நிழல் விழுந்துவிடும். ஒரு நாளுக்கு எட்டு மணி நேர நடை என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

2. தடத்தைப் படிப்படியாகத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் பூங்காவின் உட்பகுதியில் பெயர்ப்பலகை வைத்த பாதைகள் மிகக் குறைவு. பெரும்பாலும் வறண்ட ஓடைப்படுகையில், கூழாங்கல்லின் மேல், நீங்களே வழி பார்த்து நடக்க வேண்டும். யோசெமிட்டியில் மணிக்கு இரண்டரை மைல் நடப்பவர் இங்கே ஒன்றரை மைலைத் தாண்டினால் அதிகம்.

என் பரிந்துரை இதுதான். முதலில் கோல்டன் மலையிடுக்கில் நுழைந்து கோவர் ஓடை வழியாகத் திரும்பும் வட்டத்தை ஒரு பகலில் தனியாக நடந்து பாருங்கள். ஆள் நடமாட்டம் உள்ள இடம் அது. அடுத்ததாக, பனமிண்ட் மணற்குன்றுகளை நோக்கி ஓர் இரவுப் பயணம்: போகவர ஏறத்தாழ ஏழு மைல், போய்ச்சேர வேண்டிய இடம் புறப்படும்போதே கண்ணுக்குத் தெரியும், வழிதவற வாய்ப்புக் குறைவு. அங்கே சொட்டுத் தண்ணீர் கிடையாது என்பதால் எல்லாவற்றையும் சுமக்கப் பழகுவதற்கு அதைவிட நல்ல இடமும் இல்லை. தலைக்கு மேலே போர்விமானங்கள் தாழப் பறந்தால் திடுக்கிட வேண்டாம். அந்தப் பள்ளத்தாக்கு ராணுவப் பயிற்சி வான்பகுதிக்குள் வருகிறது.

இந்த இரண்டையும் முடித்த பிறகுதான் காட்டன்வுட், மார்பிள் என்ற இரண்டு மலையிடுக்குகள் வழியாகச் சுற்றிவரும் காட்டன்வுட்–மார்பிள் வட்டம். நடக்கும் வழியைப் பொறுத்து 26 முதல் 30 மைல் வரை வரும். மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்த எடுப்பில் இதில் இறங்கியதுதான் என் முதல் தவறு.

3. ஆவணங்களும் அனுமதிச் சீட்டும்

பூங்கா நுழைவுக் கட்டணம் ஒரு வண்டிக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். 2023 ஜூனிலிருந்து நுழைவுக் கட்டணத்தை இங்கே ரொக்கமாக வாங்குவதில்லை, அட்டை கட்டாயம். காட்டன்வுட்–மார்பிள் வட்டத்தில் இரவு தங்குவதற்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். நான் 10 டாலர் கட்டி ஃபர்னஸ் கிரீக் பார்வையாளர் மையத்தில் நேரில் வாங்கினேன். எந்தெந்தப் பகுதிக்குச் சீட்டு வேண்டும், நேரில் வாங்குவதா இணையத்தில் வாங்குவதா என்பவை அவ்வப்போது மாறுகின்றன என்பதால், கிளம்பும் வாரத்தில் பூங்காவின் அதிகாரபூர்வத் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டு ஆண்டுக்கு முன் நண்பர் சொன்னதை நம்பாதீர்கள். அந்த மையம் காலை 8 முதல் மாலை 5 வரைதான். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நாலரை, ஐந்து மணி நேரமும், லாஸ் வேகஸிலிருந்து இரண்டு மணி நேரமும் ஓட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை அலுவலகம் முடித்துக் கிளம்பினால் சீட்டு சனிக்கிழமை காலையில்தான் கைக்கு வரும், நடை தொடங்க நண்பகல் ஆகிவிடும். ஆகவே வெள்ளியை விடுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சீட்டு வாங்கும்போது இரண்டு கேள்விகளைக் கேட்காமல் முகப்பை விட்டு நகராதீர்கள்: “சாலை இன்றைக்கு எப்படி இருக்கிறது?”, “ஊற்றுகளில் தண்ணீர் இருப்பதாகக் கடைசியாக யார், எப்போது சொன்னார்கள்?” 2023 ஆகஸ்ட் 20 அன்று ஒரே நாளில் 2.2 அங்குல மழை பெய்ததில் பூங்கா ஏறக்குறைய இரண்டு மாதம் மூடிக் கிடந்தது. அங்கே ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதே ஏறத்தாழ அவ்வளவுதான். அப்படிப்பட்ட வெள்ளத்துக்குப் பிறகு அச்சடித்த வரைபடத்தில் உள்ள சாலை நிலத்தில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

உடன் எடுத்துச் செல்ல வேண்டியவை: ஓட்டுநர் உரிமம், மருத்துவக் காப்பீட்டு அட்டை, அனுமதிச் சீட்டின் அச்சுப்படி. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத, 18 வயது நிரம்பியவர் தம் பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள், நாட்டுக்குள் வந்ததற்கான பதிவான ஐ-94 படிவத்தின் அச்சுப்படியை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளுங்கள். தேடி மீட்பதற்குப் பூங்கா பொதுவாகக் கட்டணம் கேட்பதில்லை, ஆனால் ஆம்புலன்ஸுக்கும் மருத்துவ ஹெலிகாப்டருக்கும் பில் வரும். உங்கள் காப்பீடு அதை ஏற்குமா என்று முன்பே படித்துவையுங்கள்.

4. வண்டி

பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் மண்சாலையில் ஓட்டுவதைத் தடுக்கின்றன. சேதமானால் நீங்கள் கூடுதலாகக் கட்டிய காப்பீடும் செல்லாமல் போகலாம். நான் ஒப்பந்தத்தைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டேன். காட்டன்வுட் சாலை, பூங்காவுக்குள் இருக்கும் ஸ்டவ்பைப் வெல்ஸ் என்ற சிற்றூரின் சிறு விமான ஓடுதளத்துப் பக்கத்திலிருந்து கிளம்பி, மென்மணலும் கல்லுமாக எட்டு மைலுக்கு மேல் போகிறது. தரையிலிருந்து உயரமாக நிற்கும் வண்டி இல்லாமல் முயல வேண்டாம். ஃபர்னஸ் கிரீக்கிலேயே ஜீப் வாடகைக்குக் கிடைக்கும். அது சாதாரணக் காரைவிடப் பல மடங்கு செலவு என்றாலும், மண்சாலைக்கு என்றே தருவதால் ஒப்பந்தச் சிக்கல் இல்லை.

மாற்று டயரைக் கண்ணால் பாருங்கள். புதிய கார்கள் பலவற்றில் மாற்று டயருக்குப் பதிலாக ஒட்டும் பசையும் காற்றடிக்கும் கருவியும்தான் இருக்கின்றன. கூரிய கல் டயரின் பக்கச் சுவரைக் கிழித்தால் அந்தப் பசை உதவாது. ஜாக்கியை மணலில் வைத்தால் புதையும், அதனால் அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். உட்பகுதியிலிருந்து வண்டியை இழுத்துவர ஆயிரம் டாலருக்கு மேல் ஆவது சாதாரணம், சாலையுதவிச் சந்தாக்கள் பலவும் மண்சாலைக்கு வராது. பூங்காவுக்குள் பெட்ரோல் விலை அதிகம் என்பதால் பரம்ப், பீட்டி போன்ற வெளியூர்களிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

கைப்பேசி காட்டும் வழியை உட்பகுதியில் நம்பாதீர்கள். 2009 ஆகஸ்டில், வழிகாட்டும் கருவியை நம்பி மண்பாதையில் போன தாயும் மகனும் வண்டி மணலில் புதைந்து பல நாள் சிக்கிக்கொண்டார்கள், சிறுவன் இறந்துபோனான். வரைபடத்தில் கோடு இருப்பதால் சாலை இருக்கிறது என்று ஆகாது.

5. தண்ணீர்

பூங்கா சொல்லும் குறைந்தபட்ச அளவு ஒரு நாளைக்கு ஒரு கேலன், ஏறத்தாழ 4 லிட்டர். சுமையோடு நடப்பவருக்குக் குளிர்காலத்திலும் 5 லிட்டர் ஆகும் என்பது என் அனுபவம். ஒரு லிட்டர் ஒரு கிலோ. மூன்று நாளுக்கு 15 கிலோ தண்ணீரை மட்டும் யாராலும் சுகமாகச் சுமக்க முடியாது. ஆகவே ஊற்று எங்கே இருக்கிறது என்பதுதான் உங்கள் பயணத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கும்.

காட்டன்வுட்–மார்பிள் வட்டத்தில் காட்டன்வுட் மலையிடுக்கிலும் டெட் ஹார்ஸ் மலையிடுக்கிலும் ஊற்றுகள் உண்டு. டெட் ஹார்ஸைத் தாண்டி மார்பிள் வழியாக வண்டி வரை தண்ணீரே கிடையாது. நான் இரண்டாவது முயற்சியில் செய்த பிழை, சிற்பம் போல வழுவழுப்பான சுவர்களை முதலிலேயே பார்த்துவிடும் ஆசையில் மார்பிள் பக்கமிருந்து நுழைந்தது. ஐந்து லிட்டருடன் கிளம்பினேன். அதில் இரண்டு லிட்டர், முதுகுப்பைக்குள் வைக்கும் ரப்பர் நீர்ப்பையில் இருந்தது. பதினோரு மணியளவில் இடுப்புக்குக் கீழே குளிர்ச்சியாக ஏதோ படுகிறதே என்று பையை இறக்கிப் பார்த்தால், நீர்ப்பையின் மூடி சரியாகத் திருகப்படாமல், தண்ணீர் பாதிக்கு மேல் தூக்கப்பையை நனைத்துவிட்டுக் கூழாங்கல்லுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஈரம் கண்ணெதிரிலேயே காய்ந்தது. முன்னால் இருந்த ஊற்றுக்கு இன்னும் ஏற்றம், பின்னால் வண்டிக்கு இறக்கம். பத்து நிமிடம் உட்கார்ந்து யோசித்துவிட்டுத் திரும்பினேன்.

அந்த நாள் எனக்குத் தந்த விதிகள் இவை. ஒரே பெரிய பையில் நீரை வைக்காமல், சாதாரண ஒரு லிட்டர் பிளாஸ்டிக் புட்டிகளில் பிரித்து வையுங்கள். காட்டன்வுட் வழியாக ஏறி மார்பிள் வழியாக இறங்குங்கள். டெட் ஹார்ஸில், வயிறு நிறையக் குடித்த பிறகு, எல்லாப் புட்டிகளையும் நிரப்பாமல் கிளம்பாதீர்கள். ஊற்று நீரை வடிகட்டாமலோ கொதிக்கவைக்காமலோ குடிக்காதீர்கள். ஊற்று இல்லாத தடமென்றால் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு தொடாமல் இருப்பதற்கு. முதல் பங்கு தீர்ந்த இடத்தில், குன்று எவ்வளவு அருகில் தெரிந்தாலும், திரும்பிவிடுங்கள். வண்டியில் இதெல்லாம் போகப் பத்து லிட்டர் இருக்கட்டும்.

வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனாலும் ஆபத்து உண்டு. இரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். அதை நீர்ப்பற்றாக்குறை என்று நினைத்து இன்னும் குடித்தால் நிலைமை மோசமாகும். ஓ.ஆர்.எஸ். பொடி நாலைந்து பொட்டலம் வையுங்கள். நான் கூடவே காய்ந்த நார்த்தங்காய்த் துண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன். உணவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: கெட்டி அவல் தண்ணீரில் ஊறினாலே போதும், பருப்புப்பொடியைக் கலந்தால் அடுப்பும் எரிபொருளும் மிச்சம். உட்பகுதியில் விறகு மூட்டித் தீயிடத் தடை இருக்கிறது.

6. வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டிய தாள்

அனுமதிச் சீட்டு வாங்கிவிட்டோம், திரும்பாவிட்டால் ரேஞ்சர்கள் தேடி வருவார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். அப்படி யாரும் வரமாட்டார்கள். நீங்கள் திரும்பினீர்களா என்று சீட்டை வைத்து ஒவ்வொருவராகச் சரிபார்க்கும் வழக்கம் இல்லை. வெளியிலிருந்து ஒருவர் “இன்னார் திரும்பவில்லை” என்று சொன்னால்தான் தேடல் தொடங்கும். தனியாகப் போகிறவருக்கு அந்த ஒருவர்தான் துணை. அவருடைய கையில் இருக்கும் தாள் தெளிவாக இல்லையென்றால் அவரால் எதுவும் செய்ய முடியாது.

என் முதல் பயணத்தில் அக்காவுக்கு வாட்ஸாப்பில் “ஞாயிறு வந்துவிடுவேன்” என்று மட்டும் அனுப்பியிருந்தேன். ஞாயிறு எத்தனை மணி, வராவிட்டால் யாரை அழைப்பது, நான் எந்தப் பக்கம் போனேன் என்று எதுவும் அதில் இல்லை. மூன்றாவது பயணத்துக்கு ஒரு முழுப் பக்கம் அச்சடித்துக் கொடுத்தேன். அதில் இருந்தவை: வண்டியின் நிறம், எண், நிறுத்தும் இடம், ஒவ்வோர் இரவும் தங்கும் இடத்தின் பெயரும் அட்சரேகை, தீர்க்கரேகையும், கூடாரம், சட்டை ஆகியவற்றின் நிறம், செருப்பின் அடிப்பாகத்து ஒளிப்படம், எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, சர்க்கரை நோய் போன்றவை உண்டா, கடைசியாக, தடித்த எழுத்தில், “ஞாயிறு இரவு 9 மணிக்குள் என் குரலைக் கேட்காவிட்டால் இந்த எண்ணை அழை. யோசிக்காதே.”

அந்த எண் 911 ஆக இருக்கக் கூடாது என்பது முக்கியம். ஃப்ரீமாண்ட்டில் இருக்கும் அக்கா 911ஐ அழைத்தால் அழைப்பு அந்த ஊருக்குத்தான் போகும். பூங்காவின் அவசர உதவி எண்ணையும், தடம் இருக்கும் மாவட்டத்தின் ஷெரிஃப் அலுவலக எண்ணையும் எழுதிக் கொடுங்கள். டெத் வேலியின் பெரும்பகுதி இன்யோ மாவட்டத்தில் இருக்கிறது. ஊரில் இருக்கும் அம்மாவையோ அப்பாவையோ இந்தப் பொறுப்பில் வைக்காதீர்கள். குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேர வித்தியாசம், சர்வதேச அழைப்பு, புரியாத உச்சரிப்பு என்று எல்லாம் சேர்ந்து அவர்களைத் தவிக்கவிடும். அமெரிக்காவிலேயே இருக்கும், தூக்கத்திலும் போனை எடுக்கிற ஒருவர் வேண்டும். சொன்ன நேரத்துக்குள் ஒரு தாமதத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்: நான் நாலு மணிக்கு வண்டியை அடைவேன் என்று தெரிந்தே ஒன்பது என்று எழுதினேன்.

7. செயற்கைக்கோள் கருவி

பூங்காவின் பெரும்பகுதியில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்டுச் சைகை அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவி ஒன்று 350 முதல் 400 டாலர் வரை ஆகும். மாதச் சந்தா இல்லை, அமெரிக்காவில் வானிலை, கடல் ஆய்வுத் துறையான நோவா அமைப்பில் இலவசமாகப் பதிவுசெய்ய வேண்டும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பழைய கருவியை வாங்கிப் பதிவை மாற்றாமல் விட்டால் மீட்புக் குழு முன்னாள் உரிமையாளரின் வீட்டுக்குப் போன் செய்யும். செய்தி அனுப்பும் கருவிகளுக்கு மாதச் சந்தா உண்டு, ஆனால் “டயர் வெடித்தது, நலமாக இருக்கிறேன், நாளை வருவேன்” என்று சொல்ல முடிவது பெரிய நிம்மதி. இரண்டில் ஒன்று கட்டாயம். என் தேர்வு இரண்டாவது. எதை வாங்கினாலும், குறுகிய மலையிடுக்கின் அடியில் வானம் ஒரு கீற்றாகத்தான் தெரியும், அங்கிருந்து செய்தி போக நேரமாகும் அல்லது போகாது. கருவியை முதுகுப்பையில் வைக்காமல் உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள். பை உருண்டு போனால் கருவியும் போய்விடும். காகித வரைபடமும் திசைகாட்டியும் கூடவே வேண்டும்.

8. நடக்கும்போது

ஓடைப்படுகை சமமாக, மெத்தென்று இருக்கும். கூடாரம் போடச் சொல்லி அழைக்கும். அங்கே போடாதீர்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் ஒரு துளிகூட விழாமல், பல மைல் தள்ளி மலையில் பெய்த மழை வெள்ளமாக இறங்கிவரும். படுகையிலிருந்து ஏறி, சற்று உயரமான, முன்பே கூடாரம் போட்ட தடமுள்ள மேட்டில் தங்குங்கள். ஊற்றின் கரையிலும் தங்கக் கூடாது. காட்டுச் செம்மறிகள் அங்கேதான் குடிக்க வரும், ஆளைக் கண்டால் வராது.

காய்ந்த அருவிப் பாறைகள் குறுக்கிடும். ஏறுவது எளிது, இறங்குவது கடினம்; திரும்ப இறங்க முடியும் என்று உறுதியாகத் தெரியாத எதிலும் தனியாக ஏறாதீர்கள். மார்பிளில் இப்படிப்பட்ட இடங்களுக்குச் சுற்றுப்பாதை உண்டு, அதன் தொடக்கத்தில் பெரும்பாலும் கற்களை அடுக்கிவைத்திருப்பார்கள். காணவில்லை என்றால் பின்னால் வந்து தேடுங்கள், குதித்துப் பார்க்காதீர்கள். கைவிடப்பட்ட சுரங்கங்களுக்குள் நுழையாதீர்கள். காலையில் செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள், தேள் உண்டு.

9. திரும்பியதும்

வண்டியை எடுத்தவுடன் சிக்னல் வந்துவிடாது. ஸ்டவ்பைப் வெல்ஸிலோ ஃபர்னஸ் கிரீக்கிலோ சிறிது கிடைக்கும். அங்கே வண்டியை நிறுத்தி, சாப்பாட்டுக்கு முன், குளியலுக்கு முன், வீட்டுக்குப் பேசிவிடுங்கள். மூன்றாவது பயணத்தில் நான் ஆறரை மணிக்கு ஸ்டவ்பைப் வெல்ஸை அடைந்து, பசியில் நேராக உணவகத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். நினைவு வந்து அழைத்தபோது எட்டு நாற்பது. அக்கா முதல் மணியிலேயே எடுத்தாள். குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த தாளைக் கழற்றி மேசையில் வைத்து, பக்கத்தில் போனோடு உட்கார்ந்திருந்தாளாம். என்னைத் திட்டிய பிறகு, தாளைக் கிழிக்காமல் மறுபடி குளிர்பெட்டியிலேயே ஒட்டிவைத்தாள். அடுத்த முறை தேதியை மட்டும் மாற்றினால் போதுமாம்.